டர்போ தானா சாகாது

போன ஆடி மாசம் எங்க டிராக்டரோட டர்போவை நான் மூணு தடவை கழட்டினேன். முதல் தடவை கழட்டியிருக்கவே வேண்டியதில்லை. ரெண்டாவது தடவை கழட்ட வேண்டி வந்ததுக்குக் காரணம், முதல் தடவை கழட்டினது. மூணாவது தடவை கழட்டி எடுத்துட்டுப் போய் இன்னொருத்தர் மேல பழி போட்டேன். கடைசியில நோயைத் தீர்த்தது ஒரு முழம் கட்டுக்கம்பி. அதுக்கு ஆன நேரம் பத்து நிமிஷம்.

நடந்ததைச் சொல்லிட்டு, அதுல இருந்து எனக்குத் தோணினதையும் சொல்றேன். இஞ்சின் கதைதானேன்னு டவுன்ல இருக்கறவங்க தாண்டிப் போக வேண்டாம். உங்க வீட்டு வாஷிங் மெஷினுக்கும் இது பொருந்தும்.

முதல்ல டர்போன்னா என்னன்னு ரெண்டு வார்த்தை. கார் வச்சிருக்கறவங்களுக்கு டர்போன்னா வேகம். எங்களுக்கு அது இழுவை. இஞ்சின்ல இருந்து வெளியே போற சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுத்தும். அதே தண்டுல மறுமுனையில இன்னொரு சக்கரம். அது வெளிக்காத்தை அமுக்கி இஞ்சினுக்குள்ள தள்ளும். காத்து அதிகம் போனா டீசல் அதிகம் எரியும். அதே அளவு இஞ்சின் கூடுதலா இழுக்கும். வீணாப் போற புகையில வேலை வாங்கற இந்த யோசனைக்கு ஆல்ஃபிரட் பூச்சிங்கற சுவிட்சர்லாந்து பொறியாளர் 1905லயே காப்புரிமை வாங்கியிருக்கார். எங்க பக்கம் சின்ன டிராக்டர்ல டர்போ இருக்காது. ஐம்பது குதிரைச் சக்திக்கு மேல போனா பல வண்டியில இருக்கும். ரொட்டவேட்டர் போடவும், டிரெய்லர்ல லோடு இழுக்கவும் அது தேவைப்படுது.

பாக்கறதுக்கு நத்தை மாதிரி ஒரு இரும்பு உருண்டை. ஆனா உள்ள இருக்கற தண்டு, முழு லோடுல நிமிஷத்துக்கு லட்சம் சுத்து வரைக்கும் சுத்தும். வீட்டு மின்விசிறி நிமிஷத்துக்கு முந்நூறு, நாநூறு சுத்துதான். இவ்வளவு வேகத்துல இரும்பும் இரும்பும் தொட்டா அடுத்த நொடியே உருகிப் போகும். அதனால தண்டைச் சுத்தி இருக்கற புஷ்ஷுக்கும் தண்டுக்கும் நடுவுல எப்பவும் ஒரு எண்ணெய்ப் படலம் நிக்கணும். தண்டு எண்ணெய் மேல மிதந்துக்கிட்டேதான் சுத்துது. இஞ்சின் ஆயிலே மேல இருந்து அழுத்தத்தோட உள்ள வந்து, வேலை முடிஞ்சதும் கீழே இருக்கற குழாய் வழியா இஞ்சின் தொட்டிக்கு இறங்கிடும். உள்ள வர்றதுக்கு பம்ப் இருக்குது. இறங்கறதுக்கு எதுவும் கிடையாது. வாய்க்கால் தண்ணி மாதிரி தானா இறங்கணும்.

இதை மனசுல வச்சுக்குங்க. கதையே இதுலதான் இருக்குது.

வைகாசி முழுக்க வண்டி கொட்டாயில நின்னுச்சு. வேலை இல்லை. ஆனிக் கடைசியில எரு அடிக்கறதுக்காக டிரெய்லரை மாட்டி வெளியே எடுத்தேன். ஸ்டார்ட் பண்ணின கொஞ்ச நேரத்துல சைலன்சர்ல நீலப் புகை. கருப்புப் புகைன்னா டீசல் சரியா எரியலன்னு அர்த்தம். நீலம்னா எண்ணெய் எரியுது. ஐடில்ல நிக்கும்போது புகை அதிகம். லோடு ஏத்தினா கொஞ்சம் குறையும்.

டீக்கடைக்குப் போனா மூணு வைத்தியர். "டர்போ போச்சுங்க மாப்ளே, வேற என்ன"ன்னாரு பக்கத்துத் தோட்டத்து மாமா. இன்னொருத்தரு, "ஆறாயிரம் மணி நேரம் ஓடின வண்டி, டர்போ எத்தனை நாளைக்குத் தாங்கும்?"ன்னாரு. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. டர்போவுக்குக் காத்து போற ரப்பர் ஹோஸைக் கழட்டிப் பார்த்தேன். உள்ள எண்ணெய்ப் பசை. சக்கரத்து நட்டை விரலால பிடிச்சு அசைச்சேன். பக்கவாட்டுல ஆடுச்சு. முடிவு பண்ணிட்டேன், புஷ் தேய்ஞ்சு போச்சு.

புது டர்போ விலையைக் கேட்டா மலைப்பா இருந்துச்சு. ரிப்பேர் கிட் ஆயிரத்துத் தொள்ளாயிரம். ரெண்டு புஷ், ஒரு திரஸ்ட் பேரிங், லாக்குங்க, சின்ன ரிங்குங்க, ஓ-ரிங், கேஸ்கெட். செல்போன்ல நாலு வீடியோ பார்த்தேன். ஒருத்தர் இருபது நிமிஷத்துல பிரிச்சு மாட்டிடறார். நமக்கு என்ன, மோட்டார் பிரிக்கத் தெரியும், பம்ப் பிரிக்கத் தெரியும். திண்ணையில சாக்கை விரிச்சு உக்காந்துட்டேன்.

அன்னைக்கு நான் பண்ணின தப்புகளை வரிசையா சொல்லிடறேன். யாராவது ஒருத்தருக்காவது உதவட்டும்.

அமுக்குற சக்கரத்தையும் தண்டையும் நட்டையும் பிரிக்கறதுக்கு முன்னால ஒரே கோட்டுல அடையாளம் வைக்கணும். பல டர்போவுல மூணையும் சேர்த்து மாட்டின நிலையிலதான் பேலன்ஸ் பண்ணியிருப்பாங்க. நான் அடையாளம் வைக்கல. லட்சம் சுத்து சுத்தற ஒரு சாமானுக்கு மில்லிகிராம் வித்தியாசமே எமனா வரும். அடுத்தது, பல டர்போவுல அந்த நட்டு இடது மரை. வழக்கமா கழட்டற பக்கம் திருப்பினா இன்னும் இறுகும். நான் ரெண்டு தடவை இறுக்கிட்டுத்தான் புரிஞ்சுக்கிட்டேன்.

பெரிய தப்பு வேற. மேல எண்ணெய் வர்ற குழாயோட தட்டுக்கு ஒரு மெல்லிசு கேஸ்கெட் வரும். அதை வெறுமனே வச்சு முடுக்கணும். நான் ஒழுகக் கூடாதேன்னு ரெண்டு பக்கமும் சிலிக்கான் பேஸ்ட்டைத் தாராளமா பூசி முடுக்கினேன். வெளிப்பக்கம் பிதுங்கின பேஸ்ட்டைத் துணியால துடைச்சு அழகு பார்த்தேன். உள்பக்கமும் அதே அளவு பிதுங்கியிருக்கும்னு எனக்கு அப்ப உறைக்கல. அந்த எண்ணெய்த் துவாரம் சுண்டு விரல்கூட நுழையாத அளவு.

மாட்டி ஸ்டார்ட் பண்ணினேன். புகை நல்லாவே குறைஞ்சிருந்துச்சு. முழுசா நிக்கல. சைலன்சர்ல தேங்கின பழைய எண்ணெய் எரியுதுன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். வீட்டுல காபி கொண்டு வந்து குடுத்துட்டு, "அவ்வளவுதானா? இதுக்கா அத்தனை பணம் கேக்கறாங்க?"ன்னு கேட்டாங்க. அன்னைக்கு நான் நடந்த நடையைப் பாத்திருக்கணும்.

புகை ஏன் குறைஞ்சுதுன்னு இப்பத் தெரியும். டர்போவுக்கு எண்ணெயே சரியா போகல. எண்ணெய் போகாதப்ப எண்ணெய் எப்படி எரியும்?

ஆடி ரெண்டாவது வாரம் ராத்திரி ஒரு உழவு மழை பெஞ்சுது. எங்களுக்கு அது மானாவாரிக் காடு, அஞ்சு ஏக்கர் கடலைக்காய். விதைக்காய் உரிச்சு மூட்டையில இருந்துச்சு. மழை விட்ட மறுநாள் இல்லாட்டி அதுக்கு மறுநாள் உழவைத் தொடங்கணும். செம்மண்ணு, நாலஞ்சு நாள்ல பதம் போயிடும். வண்டியை இறக்கினேன். எருவடிப்புல ஓடினதும் சேர்த்து, நான் டர்போ மாட்டினதுல இருந்து சுமார் ஒன்பது மணி நேரம் ஓடியிருக்கும். விசில் மாதிரி ஒரு சத்தம் கிளம்புச்சு. அது ஊளையாச்சு. அப்புறம் உள்ள தகரத்தைக் கிழிக்கற மாதிரி ஒரு சத்தம். வண்டி இழுக்கறதை விட்டுருச்சு. உடனே நிறுத்தினேன்.

பிரிச்சா, தண்டு ஊதா நீலமா வெந்து போய்க் கிடக்குது. புஷ் தண்டோட ஒட்டிக்கிச்சு. அலுமினியச் சக்கரம் கூட்டுல உரசி விளிம்பெல்லாம் பிசிறு. எண்ணெய் வர்ற துவாரத்துல பாதியை அடைச்சுக்கிட்டு, ரப்பர் மாதிரி நெகுநெகுன்னு என்னோட சிலிக்கான் பேஸ்ட்.

மறுநாள் சங்ககிரி போனேன். லாரி ஊரு. பக்கத்துல திருச்செங்கோட்டுல போர் வண்டிங்க. டர்போ பார்க்கற ஆளுங்க இந்தப் பக்கம் அதனாலதான் நிறைய. ஒரு பட்டறையில பேலன்ஸ் பண்ணின கோர் ஒண்ணு ஒன்பதாயிரத்து ஐந்நூறுக்கு வாங்கினேன். கோர்னா நடுப்பகுதி, தண்டு, சக்கரம், புஷ் எல்லாம் கோத்து வந்துடும், கூட்டை மட்டும் நம்மளது மாட்டிக்கணும். இந்தத் தடவை பேஸ்ட் தொடல. காத்துக் குழாய், மேனிஃபோல்டு எல்லாம் கழட்டி அலுமினியப் பிசிறு இல்லாம துடைச்சேன். ஆயிலும் ஃபில்டரும் மாத்தினேன். டர்போ துவாரத்துல கொஞ்சம் சுத்தமான எண்ணெய் ஊத்திக் கையால சுத்திவிட்டேன். ஸ்டாப் குமிழை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு செல்ஃப் மட்டும் அடிச்சு, எண்ணெய் வர்றதைப் பாத்துட்டுத்தான் குழாயை முடுக்கினேன். எல்லாம் முறைப்படி.

ஸ்டார்ட் பண்ணினேன். சத்தம் இல்லை. ஆனா நீலப் புகை. மொதல்ல வந்ததை விட அதிகம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. டூப்ளிகேட் கோரை என் தலையில கட்டிட்டாங்கன்னு முடிவே பண்ணிட்டேன். அன்னைக்கு ராத்திரியே திரும்பக் கழட்டி, காலையில சாக்குல சுத்தி எடுத்துட்டுப் போய் அந்தப் பட்டறை மேஸ்திரி முன்னாடி வச்சேன். கொஞ்சம் சத்தமாத்தான் பேசினேன்.

அவருக்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும். கோபப்படல. துணியில கை துடைச்சுட்டு கோரை எடுத்தாரு. ரெண்டு விரல்ல சுத்திவிட்டாரு. பக்கவாட்டுல அசைச்சாரு, முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளிப் பார்த்தாரு.

"கோர்ல ஒண்ணும் இல்லீங்க. நல்லா இருக்குது."

"பக்கவாட்டுல ஆடுதுங்களே?"

"ஆடோணுமுங்க. அந்தச் சந்துலதான் எண்ணெய் நிக்கும். காஞ்சு கிடக்கறப்ப ஆடத்தான் செய்யும். சக்கரம் கூட்டைத் தொடற அளவுக்கு ஆடுனாத்தான் தப்பு. முன்னும் பின்னும் மட்டும் ஆடப்படாது. அதுல ஒரு மயிரிழைக்கு மேல தெரிஞ்சா திரஸ்ட் போச்சுன்னு அர்த்தம்."

எனக்குத் தொண்டை அடைச்சுது. முதல் தடவை திண்ணையில உக்காந்து நான் அசைச்சுப் பார்த்ததும் இதே மாதிரிதான் ஆடுச்சு.

"சரிங்க, மொதோ மொதல்ல புகை வர்றதுக்கு முன்னால வண்டி என்ன பண்ணிட்டு இருந்துச்சுங்க?"ன்னு கேட்டாரு.

"ஒண்ணும் பண்ணலீங்க. ஒரு மாசத்துக்கு மேல கொட்டாயில நின்னுச்சு."

"நின்ன வண்டியில டர்போ எப்படிங்க தேயும்?"

இந்தக் கேள்வியை டீக்கடையில யாரும் கேக்கல. நாலு வீடியோவுலயும் யாரும் கேக்கல. நானும் என்னைக் கேக்கல.

அடுத்து, "ஆயில் டிப்ஸ்டிக் தானா மேல எழும்பி நிக்குதுங்களா?"ன்னாரு. நின்னுச்சு. நாலஞ்சு தடவை நானே கையால அமுக்கி விட்டிருக்கேன். ரப்பர் தளர்ந்து போச்சுன்னு நினைச்சேன். "ஊட்டுக்குப் போயி பிரீதர் பைப்பைப் பாருங்க. கோரைக் கொண்டு போயி அப்படியே மாட்டுங்க"ன்னாரு.

இஞ்சின்ல பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கொஞ்சம் காத்து எப்பவும் கீழே தொட்டிக்குள்ள கசியும். புது வண்டியிலயும் கசியும். அது வெளியேற ஒரு குழாய் இருக்கும், அதுதான் பிரீதர், இஞ்சினோட மூக்குன்னு வச்சுக்குங்க. எங்க வண்டியில அது பக்கவாட்டுல இறங்கி கீழ்நோக்கித் திறந்திருக்கும். குனிஞ்சு டார்ச் அடிச்சேன். குழாய் வாயில மண்ணு. குளவிக் கூடு. கட்டுக்கம்பியை விட்டுக் குடைஞ்சா, ஒரு விரல் நீளத்துக்கு மண்ணும், அதுக்குப் பின்னால கெட்டியான எண்ணெய் வண்டலும் வந்து விழுந்துச்சு.

வண்டி நின்ன மாசத்துல ஒரு குளவி வீடு கட்டியிருக்குது. மூக்கு அடைச்சதால இஞ்சின் தொட்டியில அழுத்தம் ஏறிடுச்சு. டர்போவுல இருந்து தானா இறங்க வேண்டிய எண்ணெய், கீழே அழுத்தம் இருந்ததால இறங்க முடியல. கடைமடை அடைச்சா மேல் வாய்க்கால் உடைக்கற மாதிரி, எண்ணெய் ரெண்டு பக்கமும் பிதுங்கி, புகைப் பக்கம் போனது எரிஞ்சு நீலமா வந்திருக்குது. டர்போவோட ரெண்டு முனையிலயும் ரப்பர் சீல் கிடையாது. அந்தச் சூட்டுக்கு ரப்பர் தாங்காது. பிஸ்டன் ரிங் மாதிரி மெல்லிசு இரும்பு வளையம்தான். எண்ணெயை உள்ள நிறுத்தறதுல பாதி வேலை, சக்கரத்துப் பக்கம் இருக்கற காத்தழுத்தத்துது. ஐடில்ல அந்த அழுத்தம் குறைவு, அதான் புகை அதிகம். லோடு ஏறினா அழுத்தம் ஏறும், புகை குறையும். முதல் நாளே வண்டி எல்லாத்தையும் சொல்லியிருக்குது. எனக்குக் கேக்கத் தெரியல.

அதே கோரை மாட்டினேன். ஒரு மணி நேரம் மிச்ச எண்ணெய் எரிஞ்சுது. அப்புறம் புகை நின்னுருச்சு. இன்னைக்கு வரைக்கும் ஓடுது.

ஆக, என்னோட பழைய டர்போவுக்கு நோயே இல்லை. ஆறாயிரம் மணி நேரம் ஓடி நல்லா இருந்த ஒண்ணை நான் பிரிச்சு, ஒன்பது மணி நேரத்துல கொன்னுட்டேன். கிட்டும் கோரும் சேர்ந்து பதினோராயிரத்து நாநூறு. வாடகை வண்டி மூணு ஏக்கருக்குத்தான் கிடைச்சுது, ஆறு மணி நேரம், மணிக்கு ஆயிரத்து நூறு. மழை எல்லாருக்கும் சேர்த்துத்தானே பெஞ்சுது, வண்டி எங்க கிடைக்கும்? மிச்சம் ரெண்டு ஏக்கர் பதம் போயிருச்சு. உரிச்ச விதைக்காயை வறுத்துத் தின்னோம். ஆவணியில அங்க மாட்டுக்குச் சோளம் விதைச்சு விட்டேன்.

இதைக் கேட்ட சொந்தக்காரங்க ஒரே மாதிரி சொன்னாங்க. "இதெல்லாம் நீ எதுக்குத் தொடறே? கம்பெனி ஆளைக் கூப்பிட்டிருக்கணும்." நான் இதை ஒத்துக்கறதில்லை.

விவசாயி ஸ்பேனரைக் கீழ வைக்க முடியாது. மழை பெஞ்ச மறுநாள் எத்தனை வண்டிக்கு கம்பெனி ஆள் வருவாங்க? எங்கப்பா காலத்துல ஆயில் இஞ்சின் நின்னா அவரே வால்வைத் தேச்சு மாட்டுவார். அந்தத் தைரியம் போச்சுன்னா, அப்புறம் நம்ம வண்டியே நமக்கு வாடகை வண்டி மாதிரிதான். இது நம்மூர்ப் பிரச்சனை மட்டுமில்லை. அமெரிக்காவுல கொலராடோ மாகாணம், விவசாயி தன்னோட இயந்திரத்தைத் தானே பழுது பார்க்கறதுக்குத் தேவையான கையேடு, கருவி, உதிரி பாகத்தை கம்பெனி தந்தாகணும்னு 2023ல சட்டமே போட்டுச்சு. இங்கயும் 2022ல மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைச்சுது. அதுல எடுத்துக்கிட்ட துறைகள்ல விவசாயக் கருவியும் ஒண்ணு. நல்ல விஷயம்தான்.

ஆனா என்னோட அனுபவத்துல ஒண்ணு சொல்றேன். பழுது பார்க்கற உரிமை கிடைச்சாலும், பழுது எங்கன்னு பார்க்கற பழக்கம் இல்லேன்னா அந்த உரிமை நம்மளையே கடிக்கும். கிட் கடையில கிடைக்குது. மாட்டற விதம் வீடியோவுல கிடைக்குது. நோய் கண்டுபிடிக்கற முறை மட்டும் எங்கயும் சுலபமா கிடைக்கறதில்லை. வீடியோ போடறவர் எப்பவுமே ஏற்கெனவே கெட்டுப் போன ஒரு டர்போவோடதான் தொடங்கறார். நம்மளது கெட்டுப் போச்சான்னு அவர் எப்படிச் சொல்ல முடியும்?

டர்போ தானா சாகறது குறைவு. பெரும்பாலும் வேற ஏதோ ஒண்ணு அதைக் கொல்லுது. எண்ணெய் பத்தாம போனா தண்டு நீலமா வெந்திருக்கும். எண்ணெய் அழுக்கா இருந்தா புஷ்ஷுல கோடு கோடா கீறியிருக்கும். ஏர் ஃபில்டர் ஹோஸ்ல விரிசல் இருந்து புழுதி போயிருந்தா அமுக்குற சக்கரத்து இதழ் நுனி எலி கரம்பின மாதிரி தேஞ்சிருக்கும். நட்டு, கல்லு ஏதாவது உள்ள போயிருந்தா இதழ் மடங்கியிருக்கும். கொன்னவன் கைரேகை அதுலயே இருக்கும். அதைப் படிக்காம புதுசை மாட்டினா, அதே ஆள் புதுசையும் கொல்லுவான்.

இப்ப நான் வச்சிருக்கற வரிசை இதுதான். புகையோ, இழுவைக் குறைவோ வந்தா முதல்ல ஏர் ஃபில்டர், அதுல இருந்து டர்போ வரைக்கும் ஹோஸ், கிளிப். ஃபில்டர் அடைச்சிருந்தாலே டர்போ எண்ணெயை உறிஞ்சும். ரெண்டாவது பிரீதர், டிப்ஸ்டிக். பிரீதர் சுத்தமா இருந்தும் அதுல காத்து பலமா அடிச்சா பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்குன்னு அர்த்தம், டர்போவைத் தொடாதீங்க. மூணாவது, எண்ணெய் இறங்கற குழாய் நசுங்கியிருக்கா, வண்டல் அடைச்சிருக்கா. நாலாவது, எண்ணெய் வர்ற குழாய். இத்தனைக்கும் அப்புறம்தான் டர்போவோட தண்டை அசைச்சுப் பார்க்கறது, அதுவும் இஞ்சின் நின்னு ஆறின பிறகு. முதல் மூணுக்கும் ஒத்தைப் பைசா செலவில்லை. நான் கடைசியில இருந்து முதலுக்கு வந்தேன், அதான் பதினெட்டாயிரம் ஆச்சு.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். டர்போ உடைஞ்சு எண்ணெய் காத்துக் குழாய்க்குள்ள போனா, டீசல் இஞ்சின் அந்த எண்ணெயைக் குடிச்சே ஓட ஆரம்பிக்கும். ஸ்டாப் குமிழை இழுத்தாலும் நிக்காது, வேகம் ஏறிக்கிட்டே போகும். அப்ப டாப் கியர்ல போட்டு, பிரேக்கை முழுசா மிதிச்சுக்கிட்டு கிளட்சை விட்டு இஞ்சினைத் திணறடிக்கணும். இல்லேன்னா காத்து போற வாயை கனமான பலகையால அடைக்கணும். கையாலயோ துணியாலயோ அடைக்கக் கூடாது, இழுத்துக்கும். அதுவும் முடியலேன்னா தள்ளி ஓடிடணும். என்னோடது அந்த அளவுக்குப் போகாதது என் அதிர்ஷ்டம், திறமை இல்லை.

எல்லா வேலையையும் நாமே செய்யலாம்னும் இல்லை. சக்கரத்தைப் பேலன்ஸ் பண்ண மெஷின் வேணும். அது திண்ணையில வராது. கழட்டறது, சுத்தம் பண்றது, மாட்டறது நம்ம வேலை. பேலன்ஸ் பட்டறை வேலை. இந்த எல்லையைத் தெரிஞ்சுக்கறதுல வெக்கப்பட ஒண்ணுமில்லை.

கடைசியா, என் மனசை உறுத்தின விஷயம் இது. வண்டி சரியான மறுநாள் மேஸ்திரியைப் பார்க்கப் போனேன். குளவிக் கூட்டைச் சொன்னேன், சிரிச்சாரு. "எவ்வளவுங்க தரட்டும்?"ன்னேன். "எதுக்குங்க? நான் ஒண்ணும் பண்ணலியே"ன்னாரு.

அதான் சங்கதி. அவர் அந்தக் கோரை ரிப்பேர்னு சொல்லி வாங்கி வச்சுக்கிட்டு, ரெண்டு நாள் கழிச்சு அதையே துடைச்சுக் குடுத்து ரெண்டாயிரம் கேட்டிருந்தா நான் பேசாம குடுத்திருப்பேன். உண்மையைச் சொன்னதால அவருக்கு வரவு ஒண்ணுமில்லை. சாமான் மாத்தினா காசு தர்றோம். சாமானை மாத்த வேண்டாம்னு சொன்னா ஒரு தேங்க்ஸோட முடிச்சுக்கறோம். அப்புறம் எவன் வேண்டாம்னு சொல்லுவான்? மெக்கானிக் ஏமாத்தறான்னு டவுன்லயும் பேசறீங்க, நாங்களும் பேசறோம். மாத்தினாத்தான் கூலின்னு பழக்கி வச்சது நாமதானே? கண்டுபிடிச்சதுக்குக் கூலி குடுக்கற பழக்கம் நம்மகிட்ட இல்லை. அடுத்த தடவை உங்க வாஷிங் மெஷினைப் பார்க்க வர்றவர், "ஒண்ணுமில்லீங்க, பைப் மடங்கியிருந்துச்சு"ன்னு நேராக்கிட்டுக் கிளம்பினா, சும்மா அனுப்பாதீங்க. புதுசா ஒரு மோட்டார் மாட்டாம போனாரே, அதுக்காவது குடுங்க.

நான் ஐந்நூறு ரூபாயை நீட்டினேன். வாங்கல. ரெண்டு தடவை தள்ளிவிட்டாரு. டீ வாங்கிட்டு வரச் சொல்லி பையனை அனுப்பின நேரம் பார்த்து, அவரோட ஸ்பேனர் பெட்டிக்குள்ள வச்சுட்டு வந்தேன்.

"பிரீதர் வாயில துணி, வலை எதுவும் கட்டிடாதீங்க, அதுவே அடைச்சுக்கும்"னு வர்றப்ப சொல்லியனுப்பினாரு. அதனால இப்ப வண்டி சும்மா நிக்கற மாசத்துல, அமாவாசைக்கு அமாவாசை குனிஞ்சு ஒரு தடவை டார்ச் அடிச்சுப் பார்த்துடறேன். அந்தக் கட்டுக்கம்பி சீட்டுக்கு அடியிலயே கிடக்குது.